தோட்டத்துப் பிள்ளைக்கு ‘நல்ல பக்டீரியா’ குளிசை வாங்கலாமா?

மஸ்கெலியா வாசகர், 2025 ஜூன் 1

மகனுக்கு ஒன்றரை வயது. கிளினிக் கார்ட்டில் நிறைக்கோடு மூன்று மாதமாகப் படுத்தே கிடக்கிறது. போன மாதம் தடிமலுக்கு டவுனில் அன்டிபயோட்டிக் பாணி எழுதித் தந்தார்கள். அதைக் குடித்ததிலிருந்து வயிற்றாலை போகிறது. பாமசியில் கேட்டால் ‘நல்ல பக்டீரியா’ குளிசை என்று ஒரு பெட்டியைக் காட்டுகிறார்கள். எனக்கு அது இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம். அம்மாவோ, பழைய சோற்றுத் தண்ணி இருக்க இதெல்லாம் எதற்கு என்கிறார். இங்கே சயன்ஸ் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் எழுதுவாரே, அவர் சொல்லட்டும்.

டீச்சர், ஜூன் 1, இரவு 9.40

குளிசை கிடக்கட்டும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இத்தனை நாளாக வயிற்றாலை போகிறதென்றால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அதுவரை ஜீவனி (வயிற்றாலைக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தடிமல் வைரஸின் வேலை. அன்டிபயோட்டிக் வைரஸைத் தொடாது, குடலில் குடியிருக்கும் பக்டீரியாவைத்தான் போட்டுத் தள்ளும். நம் உடம்பில் நம்முடைய கலம் ஒன்றுக்குப் பத்துப் பக்டீரியா இருக்கிறது. அவ்வளவு பெரிய ஊரைக் கலைத்துவிட்டால் திரும்பக் கூட நாளாகும்.

கூட்டுவதற்குக் குளிசை உதவுமா என்று 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பார்த்தார்கள். 21 பேருக்கு ஒரு வாரம் அன்டிபயோட்டிக் கொடுத்து மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு 11 வகை பக்டீரியா கலந்த புரோபயோட்டிக், அதாவது ‘நல்ல பக்டீரியா’ குளிசை, நான்கு வாரம். மூன்றாவது கூட்டத்துக்கு, முன்பே எடுத்துவைத்த அவரவர் மலத்தையே திருப்பி உள்ளே செலுத்தினார்கள். மலம் போனவர்களுக்குச் சில நாளிலேயே பழைய குடித்தனம் திரும்பிவிட்டது. சும்மா இருந்தவர்களுக்கு மூன்று வாரம் போல எடுத்தது. குளிசை எடுத்தவர்களுக்குத்தான் ஐந்து மாதமாகியும் பழைய நிலை வரவில்லை. வெளியிலிருந்து வந்த பக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரை நுழைய விடவில்லை. (முதலில் ‘வந்தேறி பக்டீரியா’ என்று எழுதினேன். அழித்துவிட்டேன். அந்தச் சொல்லை நம் ஆட்கள் கேட்டது போதும்.)

ஆகவே என் பதில்: வாங்காதீர்கள்.

டீச்சர், ஜூன் 3

பதுளையில் தாதியாக இருக்கும் தங்கச்சி என் பதிலில் இரண்டு பிழை பிடித்திருக்கிறார். இரண்டும் சரி.

முதலாவது, ‘ஒன்றுக்குப் பத்து’. இதைப் பத்து வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2016லேயே அதே வைஸ்மன் நிறுவனத்துக்காரர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 70 கிலோ ஆள் ஒருவரில் பக்டீரியா ஏறத்தாழ 38 இலட்சம் கோடி, நம் கலங்கள் 30 இலட்சம் கோடி. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றுதான். நிறையில் பார்த்தால் மொத்தப் பக்டீரியாவும் 200 கிராம் போல. சீனி வாங்கினால் ஒரு சின்னப் பை.

இரண்டாவது கொஞ்சம் உறைத்தது. நான் சொன்ன ஆய்வு 21 பேர், எல்லோரும் சுகமான பெரியவர்கள், பார்த்தது குடலின் பக்டீரியாக் கூட்டத்தை. வயிற்றாலை நின்றதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அதைப் பார்த்த ஆய்வுகளைத் தங்கச்சி எடுத்துக் காட்டினார். பிள்ளைகளிடம் செய்த 33 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் குழு 2019இல் ஒன்றுசேர்த்திருக்கிறது. அன்டிபயோட்டிக்கோடு கூடவே புரோபயோட்டிக்கும் எடுத்த பிள்ளைகளில் 8 சதவீதத்தினருக்கு வயிற்றாலை போனது, எடுக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கு. இது சின்ன வித்தியாசமில்லை. ஆனால் ‘கூடவே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மருந்து முடிந்து வாரக்கணக்கான பிறகு வாங்குவது வேறு கதை.

ஒடிசாவின் கிராமங்களில் நடந்த ஒன்றையும் அவர் சொன்னார், 2017இல் வெளியானது. பிறந்த சிசுக்கள் 4,556. பாதிப் பேருக்கு ஒரு வாரம் லக்டோபசிலஸ் பிளான்டாரம் என்ற பக்டீரியாவும் அதற்குத் தீனியாக ஒரு வகைச் சர்க்கரையும். இரத்தத்தில் கிருமி ஏறுவதும் சாவும் சேர்த்து 9 சதவீதமாக இருந்தது 5.4 ஆகக் குறைந்தது. எந்தப் பக்டீரியா, எந்த வயதுக்கு, எதற்காக என்று மூன்றும் தெரிந்து கொடுத்தார்கள். நம் பாமசிப் பெட்டியில் அந்த மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

டீச்சர், ஜூன் 5

தலவாக்கலை அண்ணன் கேட்கிறார்: “நம் தேயிலையே ஃபெர்மென்ட் பண்ணியதுதானே, அப்போ தேத்தண்ணியும் தயிர் மாதிரி வயிற்றுக்கு நல்லதா?”

அண்ணன், ஃபெக்டரியில் வேலை செய்துகொண்டு இதைக் கேட்கலாமா? என் அப்பா ரோலரில் இருந்தவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ஃபெர்மென்டிங் அறை வாசலில் நின்று பார்ப்பேன். உருட்டி வந்த கொழுந்து மெல்லிய படையாகப் பரப்பிக் கிடக்கும். பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும். பழுத்த அப்பிள் வாசம் வரும். டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்து, “எடு” என்பார். அப்பாவின் விரலிடுக்குக் கறுப்பு பென்சன் எடுத்த பிறகும் போகவில்லை.

அங்கே பக்டீரியாவுக்கு வேலையே இல்லை. உருட்டும்போது இலையின் கலம் உடைகிறது, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியமும் கட்டெசின் என்ற பொலிபீனோலும் கலக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது. அது ஒட்சியேற்றம். டிரையர் சூட்டில் நொதியம் செத்ததும் நின்றுவிடும். ஃபெர்மென்டிங் என்ற பெயர் பழைய பிழை, அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்டீரியா உண்மையில் அங்கே எதிரி, தேயிலைக்குப் புளித்த வாடை ஏற்றிவிடும். தரையையும் மேசையையும் ஏன் அப்படித் தேய்த்துக் கழுவுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நுண்ணங்கியால் உண்மையில் நொதிக்கிற தேயிலை வேண்டுமென்றால் சீனாவின் யுன்னானுக்குப் போக வேண்டும். பூவர் தேயிலை. அதில் பூஞ்சைக்கும் பங்குண்டு.

பூஞ்சை என்றதும் ஞாபகம் வருகிறது. 1869இல் இலங்கையில் கோப்பியைப் பிடித்த துரு நோயும் பூஞ்சைதான். அது வராமல் இருந்திருந்தால் அப்பாவின் விரலில் தேயிலைக் கறை இருந்திருக்காது, கோப்பிக் கறை இருந்திருக்கும்.

இருந்தாலும் அண்ணனை முழுதாக மறுக்க முடியாது. தேயிலையின் பொலிபீனோலில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கேயுள்ள பக்டீரியாதான் அதை உடைத்துச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக்கி இரத்தத்துக்கு அனுப்புகிறது. எந்தப் பக்டீரியா இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் கிடைப்பதும் மாறும். ஃபெக்டரியில் நடக்காத பக்டீரியா வேலை வயிற்றில் நடக்கிறது.

டீச்சர், ஜூன் 5, கொஞ்சம் பிந்தி

காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டையின் குடலிலும் பக்டீரியா உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், அங்கேயும் குடித்தனம் உண்டு. ஏரோமோனஸ் என்ற பக்டீரியா முக்கியமானது. மருத்துவ அட்டையை வைத்துச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகளில் அது காயத்தில் தொற்றக்கூடும் என்று முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள். நம் அம்மாமார் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர், ஜூன் 8

பழைய சோறு. வாசகரின் அம்மாவை நான் மறந்துவிடவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து 2021இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு பாதிக்குத் தயிர், புளிக்கவைத்த மரக்கறி மாதிரி நொதித்த சாப்பாடு, மறுபாதிக்கு நார்ச்சத்து கூடிய சாப்பாடு, பத்து வாரம். நொதித்ததைச் சாப்பிட்டவர்களின் குடலில் பக்டீரியா வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சிக்கான 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக்காரரிடம் அந்த வகைப் பெருக்கம் இல்லை. ஆய்வாளர்களே எதிர்பார்த்தது அதுவல்ல.

அதில் பழைய சோறு இல்லை. இருந்தாலும் சோற்றில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைத்தால் லக்டிக் அமிலப் பக்டீரியா வளரும், புளிக்கும், அது தெரிந்த விஷயம். ஆனால் நம் குளிரில்? என் அப்பாயி சட்டியை அடுப்பு மேட்டில் சாம்பலுக்குப் பக்கத்தில் வைப்பார், இல்லாவிட்டால் விடிய வெறும் தண்ணீர்ச் சோறுதான். அதோடு சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்தி வேகவைத்தாலும் சாகாது, ஆறிக்கிடக்கும் சோற்றில் முளைத்து நஞ்சு விடும். பெரியவர்கள் சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறேன். வயிற்றாலை போகிற ஒன்றரை வயதுக்காரனுக்கு வேண்டாம். எல்லாவற்றையும்விட, அந்தச் சோற்றில் ஊற்றிய தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?

டீச்சர், ஜூன் 10

தண்ணீரைப் பார்த்தாயிற்று. வாசகரின் லயம் (தோட்டத்து வரிசை வீடு) எங்கள் பாடசாலைக்கு மேலே இருக்கும் மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல்பிரிவில். அவருடைய அண்ணன் மகள் என் வகுப்பு. அவளிடம் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து மூங்கில் குழாயில் வருவது) ஒரு போத்தல் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

ஆய்வுகூடத்தில் ஐதரசன் சல்பைட்டுச் சோதனைப் போத்தல் நான்கு இருந்தது. உள்ளே மருந்து தோய்த்த கடதாசி. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலத்தோடு வரும் பக்டீரியா இருந்தால் அது ஐதரசன் சல்பைட்டை விடும், கடதாசியிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். 1982இல் இந்தியாவில் உருவாக்கியது. மின்சாரமோ நுணுக்குக்காட்டியோ தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யலாம்.

இரண்டு நாள் வைத்தோம். கறுக்கவில்லை. பீலி நல்ல பீலி.

டீச்சர், ஜூன் 13

மேலே ஜூன் 10இல் நான் எழுதியதை யாரும் நம்ப வேண்டாம்.

பதுளைத் தங்கச்சி ஒரே ஒரு வரி கேட்டார்: “அக்கா, போத்தலை எங்கே வைத்தீர்கள்?” அலுமாரியில். ஆய்வுகூடத்தின் வடக்குச் சுவரோடு இருக்கும் அலுமாரியில், ஜூன் மாத மழையில். வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன், 17 பாகை. மனிதக் குடலின் சூட்டில் வளரும் பக்டீரியாவை அங்கே வைத்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். இந்தச் சோதனைக்கு 25, 30 பாகையாவது வேண்டும். வகுப்பில் நானே படிப்பிக்கிற விஷயம் இது.

அதே பீலியிலிருந்து திரும்ப எடுத்தேன். துவாயில் சுற்றி வீட்டு அடுப்பு மேட்டில், அப்பாயியின் சோற்றுச்சட்டி இருந்த இடத்திலேயே வைத்தேன். கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தலும் பக்கத்தில், ஒப்பிட. விடிய நாலரைக்கு எழும்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பீலிப் போத்தல் பேனா மை மாதிரி கறுத்திருந்தது, மூடியைத் திறக்கக் கூமுட்டை வாடை. கொதித்த தண்ணீர்ப் போத்தல் அப்படியே.

இதில் என்னை அரித்தது வேறு. வாசகர் 11ஆம் திகதி எழுதியிருந்தார்: “டீச்சர் நல்லது என்றதால் அம்மாவிடம் இனிக் கொதிக்கவைக்க வேண்டாம் என்றேன், விறகெல்லாம் ஈரம்.” இரண்டு நாள் அந்தப் பிள்ளை பச்சைத் தண்ணீர் குடித்திருக்கிறது, என் அலுமாரியால். காலையிலேயே அண்ணன் மகளிடம் சொல்லியனுப்பினேன், பின்னேரம் நானே ஏறிப் போனேன். பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. பாட்டி தேத்தண்ணி தந்தார், ஒன்றும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மூங்கில் பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தேன். ஐம்பது அடி மேலே மரக்கறிப் பாத்தி, சாணம் போட்டது. அதற்கு மேலே அடுத்த லயத்தின் கக்கூசுகள்.

டீச்சர், ஜூன் 14

கோபத்தில் எழுதுகிறேன். 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7. காரணம் இந்தப் பீலி. அழுக்குத் தண்ணீர், ஓயாத கிருமி, குடற்சுவர் வீங்கிக் கிடக்கும், சாப்பிட்டது ஒட்டாது. தண்ணீரையும் கக்கூசையும் திருத்துங்கள், பிள்ளை தானே வளரும். குளிசையாம் குளிசை.

டீச்சர், ஜூன் 21

ஒரு வாரம் வாசித்தேன். 14ஆம் திகதிக் குறிப்பின் முதல் பாதி நிற்கும், ‘தானே வளரும்’ நிற்காது.

வங்காளதேசத்திலும் கென்யாவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் சரியாக இதையே செய்து பார்த்திருக்கிறார்கள், முடிவு 2018இல். தண்ணீருக்குக் குளோரின், கக்கூஸ் திருத்தம், கைகழுவச் சவர்க்காரம். வங்காளதேசத்தில் வயிற்றாலை குறைந்தது. கென்யாவில் அதுவும் குறையவில்லை. உயரம் இரண்டு நாட்டிலும் கூடவில்லை. சிம்பாப்வேயிலும் அப்படியே. பிள்ளைக்கு மேலதிகச் சத்துணவு கொடுத்த குழுக்களில் மட்டும் உயரம் கொஞ்சம் கூடியது.

எனக்கு இது ஏமாற்றம். அந்த ஆய்வுக்காரர்களில் பலர் சொல்வது, குளோரின் போத்தலும் ஒரு குழிக் கக்கூசும் போதாது, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வருகிற அளவுக்கு மாற்றம் வேண்டும் என்பது. நான் நம்புகிறேன், ஆனால் எனக்கு நம்பப் பிடித்திருப்பதால் நம்புகிறேனா என்றும் ஒரு சந்தேகம்.

கொதிக்கவைப்பதை நிறுத்தாதீர்கள். செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல் எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. உயரத்துக்காக அல்ல.

டீச்சர், ஜூன் 22

அப்போ உயரத்துக்கும் நிறைக்கும் என்ன? இங்கேதான் பக்டீரியா திரும்ப வருகிறது.

அமெரிக்காவின் சென் லூயிஸிலுள்ள ஜெஃப்ரி கோர்டனும் டாக்காவின் தஹ்மீத் அஹ்மத்தும் வருடக்கணக்காகச் சேர்ந்து செய்யும் வேலை இது. சத்துக் குறைந்த பிள்ளையின் குடல் பக்டீரியாக் கூட்டம் வயதுக்கு முதிராமல் இருக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையின் குடலில் கைக்குழந்தையின் கூட்டம். பிறகு எந்தச் சாப்பாடு அந்தக் கூட்டத்தை முதிரவைக்கும் என்று தேடினார்கள். டாக்காவின் மீர்பூர்ச் சேரியில் 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கொண்டைக்கடலை மா, சோயா மா, கச்சான், வாழைக்காய். சேர்த்து எண்ணெய், சீனி, விற்றமின். வழக்கமாகக் கொடுக்கும் சத்துணவைவிட இதில் கலோரி குறைவு, ஆனாலும் நிறை ஏறியது இதில்தான் அதிகம்.

பக்டீரியாவை உள்ளே அனுப்பவில்லை பாருங்கள். உள்ளே இருப்பதற்குப் பிடித்த தீனியை அனுப்பினார்கள்.

தாய்ப்பாலும் அதே சூத்திரம். அதிலுள்ள ஒரு வகைச் சர்க்கரையைப் பிள்ளையால் செரிக்கவே முடியாது, பிஃபிடோபக்டீரியாதான் அதைத் தின்னும். தாய் தன் பிள்ளைக்கு மட்டுமல்ல, அந்தப் பக்டீரியாவுக்கும் பால் கொடுக்கிறாள். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு அறையில்) விட்டுவிட்டு மலைக்கு ஏறிய தாய் பால் கொடுக்க இறங்கிவந்தால் கொழுந்து நிறை குறைகிறது என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்தால் நல்லது.

டீச்சர், ஜூன் 29

சமைத்துப் பார்த்தேன். சொன்னால் செய்ய வேண்டுமே. அவித்த வாழைக்காய், வறுத்து அரைத்த கடலை, கச்சான், சோயா மா. நிறம் சிமெந்து. என் தங்கை மகள் ஒரு கரண்டி வாயில் வைத்து என் சேலையிலேயே துப்பினாள். சர்க்கரையைக் கூட்டியதும் கொஞ்சம் இறங்கியது. டாக்காவில் கொடுத்தது அளந்து, விற்றமின் சேர்த்துச் செய்தது, என்னுடையது வெறும் சத்துமாக்கூழ். இதை மருந்தென்று யாரும் கிளினிக்கை விட்டுவிட வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா கிடைத்தால் கொடுங்கள், அதுவும் சோளமும் சோயாவும்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைக்கு இல்லை என்னக் கூடாது. எங்கள் வீட்டில் நான்தான் அந்தக் கள்ளி.

இன்னொன்று, வாசகர் வீட்டுக்குப் போனபோது கண்டது. பால் போத்தலில் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பிள்ளைக்கு வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

டீச்சர், ஜூலை 6

“எல்லாப் பக்டீரியாவும் நல்லது என்கிறீர்களா?” இல்லை. எனக்கு நான்கு வருடம் கேஸ்ட்ரைட்டிஸ், காரத்தைக் குறை, கவலைப்படாதே என்றார்கள். கமரா விட்டுப் பார்த்தபோது ஹெலிகோபக்டர் பைலோரி. 1984இல் பெரி மார்ஷல் அதை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து வயிற்றழற்சியை வரவழைத்துக் காட்டினார், 2005இல் ரொபின் வொரனோடு நொபெல் பரிசு. நான் 14 நாள் இரண்டு அன்டிபயோட்டிக் விழுங்கினேன், தேவையான இடத்தில் தேவையான மருந்து.

மலத்தை மருந்தாகக் கொடுத்தது உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பக்டீரியாவால் திரும்பத் திரும்ப வயிற்றாலை போனவர்களுக்கு நெதர்லாந்தில் கொடுத்தார்கள், 2013. 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் சுகம். அன்டிபயோட்டிக் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான். என் சித்தியிடம் இதைச் சொன்னேன். “அந்த நோயோடயே நான் போய்ச் சேர்றேன்” என்றார்.

டீச்சர், ஜூலை 13

வாசகர் எழுதியிருக்கிறார், மகனுக்கு வயிற்றாலை நின்று மூன்று வாரம், கிளினிக்கில் 400 கிராம் கூடியிருக்கிறதாம். எதனால் என்று கேட்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த துத்தநாகக் குளிசையா, கொதித்த தண்ணீரா, திரிபோஷாவா, போத்தல் தேத்தண்ணியை நிறுத்தியதா, அன்டிபயோட்டிக் முடிந்து குடல் தன்பாட்டில் திருந்தியதா? ஒரே நேரத்தில் ஐந்தையும் மாற்றினால் எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது.

கீழ்கணக்கிலிருந்து மூன்று பேர் தண்ணீர் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறீர்கள். புதுப் போத்தல் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள், அவித்துக் கழுவிய போத்தலில். ஜாம் போத்தல் வேண்டாம், போன தடவை தண்ணீரில் அன்னாசி மணத்தது.